பெயரை மட்டும் கேட்காதீர்கள்

தவளைக் கம்பெனி அனுப்பிய எச்சரிக்கைகளை எல்லாம் குப்பைக்கு அனுப்பியது வேறு யாருமல்ல, இளைய மாப்பிள்ளைதான். அதையும் ஒவ்வொன்றாகக் கையால் தள்ளவில்லை, சட்டம் போட்டுத் தள்ளினான். 'இந்தக் கம்பெனியிலிருந்து எது வந்தாலும் என் கண்ணில் காட்டாதே' என்று அஞ்சல்பெட்டிக்கு ஒரு விதி எழுதிவைத்தான். அன்றைக்கு மனைவியிடம், "டெக்னாலஜிய நாம ஆளணும், அது நம்மள ஆளக் கூடாது" என்று வசனம் வேறு பேசினான். தவளைக் கம்பெனி என்பது இணையத்தில் முகவரிப் பெயர்களைப் பதிவு செய்து தரும் கம்பெனி. அதன் சின்னம் பல்லைக் காட்டும் ஒரு பச்சைத் தவளை. காலையில் ஒரு சலுகை, மதியம் ஒரு சலுகை, தூங்கப் போகும்போது கடைசி வாய்ப்பு என்று அது அனுப்பிய தொல்லையில் எவனாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பான் என்பது அவன் கட்சி. நடுவில் ஒன்றிரண்டு மடல்கள், 'உங்கள் பெயர் காலாவதியாகப் போகிறது' என்று உண்மையாகவே கதறியிருக்கின்றன. அவையும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ச் சேர்ந்தன.

இன்று காலை மனைவி நடத்தும் பல் லேப்பின் வலைத்தளத்தைத் திறந்தால், அவள் செய்த பல்வரிசை சிரிக்க வேண்டிய இடத்தில் தவளை சிரித்துக்கொண்டிருந்தது. கீழே பெரிய எழுத்தில், 'இந்தப் பெயர் உங்களுக்கு வேண்டுமா?'

வேண்டும் தாயே என்று அவன் வயிறு சொன்னது.

வீட்டின் கீழ்த்தளம் முழுக்கப் பல் லேப். ஊர்ப்பட்ட பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயை ஸ்கேன் எடுத்து மெயிலில் அனுப்புவார்கள்; இங்கே அவன் மனைவி அதைப் பார்த்துப் பீங்கான் பல் செய்து பெட்டியில் வைத்து அனுப்புவாள். மாமனார் ஆரம்பித்த தொழில். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் இளைய மகள் எடுத்துக்கொண்டாள். மாதிரிப் பற்களைப் பையில் போட்டுக்கொண்டு, கிளினிக் கிளினிக்காகப் போய் உட்கார்ந்து, ஒருத்தி செய்கிற பல் நிற்குமா என்று உதட்டைப் பிதுக்கியவர்களிடமே ஆர்டர் வாங்கி வந்தவள் அவள். அந்தப் பெயர் ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் அச்சாகியிருக்கிறது. ஒவ்வொரு டாக்டரின் கணினியிலும் பதிந்திருக்கிறது. அது என்ன பெயர் என்று இங்கே எழுதப் போவதில்லை. அதைக் கண்ட இடத்தில் சொன்னால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப் போகிறோம்.

அந்தப் பெயர் வேறொருவன் கைக்குப் போனால் மெயிலும் அவனுக்குத்தான் போகும். டாக்டர்கள் பழக்கதோஷத்தில் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். யாருக்குக் கடைவாய்ப் பல் இல்லை, யாருடைய முன்பல் பொய் என்பதெல்லாம் முகம் தெரியாத ஒருவன் மடியில் போய்க் கொட்டும். அதற்கப்புறம் எந்த டாக்டர் இந்த வாசலை மிதிப்பார்?

"என்னங்க, டாக்டரம்மா போன் பண்ணாங்க. அனுப்பின மெயில் திரும்பித் திரும்பி வருதாம்." உள் அறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். முகமூடிக்குள்ளிருந்து வந்ததால் கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"சர்வர்ல ஏதோ வேல நடக்குதும்மா. வந்துரும்."

"எப்ப வரும்?"

"வந்துரும் வந்துரும்."

சர்வர் என்ற சொல் இல்லாவிட்டால் உலகத்தில் பாதிக் கணவன்மார்கள் என்ன செய்வார்களோ.

தவளையின் பக்கத்தில் உள்ளே நுழையப் பார்த்தான். பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டை மறந்துவிடக் கூடாது என்று அவன் தனக்குத்தானே ஒரு மெயில் அனுப்பி வைத்திருந்தான், லேப்பின் அதே முகவரிக்கு. அந்த அஞ்சல்பெட்டி பெயரோடு சேர்ந்து செத்துக் கிடந்தது. சரி, மறந்துவிட்டேன் என்று சொன்னால் புதுசு தருவார்களே என்று அந்த இடத்தைத் தட்டினான். 'உங்கள் மின்னஞ்சலுக்கு இணைப்பு அனுப்பியுள்ளோம், பாருங்கள்' என்று தவளை கண்ணடித்தது. எந்த மின்னஞ்சலுக்கு? அதே முகவரிக்குத்தான். சரி, போனுக்கு அனுப்பு என்றான். பதிவு செய்யும்போது, விளம்பரக் கால் வந்து தொலைக்கக் கூடாது என்று போன் எண் கட்டத்தில் ஒன்று இரண்டு மூன்று என்று வாய்ப்பாடு மாதிரி அடித்து வைத்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்தவனைப் பார்த்திருக்கிறோம். மாற்றுச் சாவி, பூட்டுக்காரனின் விலாசம், ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டியவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

உதவிக்கு வந்தது ஒரு அரட்டைப் பெட்டி. 'வணக்கம்! நான் உங்கள் குட்டித் தவளை' என்றது.

அவன் தன் கதையை எல்லாம் கொட்டினான். 'புதிய பெயர் வாங்க விரும்புகிறீர்களா?' என்று கேட்டது குட்டித் தவளை. இல்லை, பழைய பெயர்தான் வேண்டும் என்றான். 'அருமை! பழைய பெயர்கள் ஏலப் பகுதியில் கிடைக்கும்' என்று ஒரு இணைப்பை நீட்டியது.

தட்டினான். அங்கே இருந்தது அவர்கள் பெயர். பக்கத்தில் சிவப்பாக ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இன்று சாயங்காலம் ஏலம் முடிகிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை.

தானே கேட்டு வாங்கிவிடலாமா? அதற்குக் கணக்கு வேண்டும். புதுக் கணக்குத் தொடங்கினால் அடையாளம் சரிபார்க்க இரண்டு வேலை நாள் ஆகுமாம்.

வேறு வழி தேடியபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. இன்னொரு பதிவுக் கம்பெனி: 'நழுவிய பெயரைப் பிடித்துத் தருகிறோம்.' போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தார்கள். தேன் தடவிய ஒரு பெண் குரல்.

"கவலையே படாதீங்க சார். கண்டிப்பா பிடிச்சுடலாம். பேரைச் சொல்லுங்க."

சொன்னான். எழுத்து எழுத்தாக, தப்பு வந்துவிடக் கூடாதே என்று இரண்டு தடவை சொன்னான்.

"சூப்பர் பேரு சார்! லைன்லயே இருங்க."

பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்தது. மறுபடி அதே பாட்டு. பிறகு லைனே போய்விட்டது. ஏலப் பக்கத்தை மறுபடி திறந்தான். 'கேட்பவர்: ஒருவர்' என்றிருந்தது.

நிஜமாகவே அவர்கள்தான் கேட்டார்களா, அந்தக் குரலுக்கும் அந்த ஒருவருக்கும் என்ன சம்பந்தம் என்பதெல்லாம் யாராலும் நிரூபிக்க முடியாத விஷயம். ஆனால் அதுவரை ஈ காக்கை எட்டிப் பார்க்காத இடத்தில் அவன் வாயைத் திறந்த கையோடு ஒரு ஆள் வந்து நிற்கிறான். அவனுக்கு வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த கம்பெனிக்குப் பேசும்போது முன்ஜாக்கிரதையாக ஆரம்பித்தான்.

"சார், ஒரு பேரு சார். அதைக் காப்பாத்தணும்."

"என்ன பேர் சார்?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"சொன்னாத்தான சார் பார்க்க முடியும்?"

"சொன்னா நீங்க பார்த்துடுவீங்களே, அதான் பயமா இருக்கு."

எதிர்முனையில் கொஞ்சம் யோசித்தார்கள். "சார், இது பேரு பதியிற கம்பெனி. நீங்க வேற எங்கயோ பேச வேண்டியத..." என்று மரியாதையாக வைத்துவிட்டார்கள்.

இந்த நேரம் பார்த்து மூத்த சகலை வந்து நின்றார். மனைவியின் அக்கா கணவர். தண்ணீர் மோட்டார் விற்பவர். குடும்பத்தில் மூத்த மாப்பிள்ளை என்கிற பட்டம் நெற்றியில் ஒட்டாத குறையாக நடப்பவர். லேப்புக்கு இந்தப் பெயரை முதன்முதலில் பதிந்து கொடுத்தவரும் அவரேதான். அவர் பதிந்த கம்பெனியின் பக்கம் சாம்பல் நிறத்தில், செத்த வீட்டு வாசல் மாதிரி இருக்கும். ஒரு படம் கிடையாது, ஒரு சலுகை கிடையாது. 'இதெல்லாம் ஒரு கம்பெனியா' என்று சொல்லித்தான் இளையவன் பெயரைத் தவளையிடம் மாற்றினான். உண்மையான காரணம் வேறு. வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் "வெப்சைட்டா? அது நான் வாங்கிக் குடுத்ததுல்ல" என்று சகலை சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

"என்ன சகல, மூஞ்சி கழுவாத மோட்டார் மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல சகல. சும்மா."

"சும்மாவா? நான் வீட்ல பம்பு படம் பார்க்கலாம்னு போனேன், தப்பா உங்க வெப்சைட்டு மேல கை பட்டுடுச்சு. ஒரு தவள வந்து என்னையப் பார்த்துச் சிரிக்குது. நான் கூட நீங்கதான் போட்டோ மாத்திட்டீங்களோன்னு பார்த்தேன்."

"சகல, கிண்டல் எல்லாம் அப்புறம். மெதுவாப் பேசுங்க, உள்ள இருக்கா."

"அவளுக்குத் தெரியாதா?" சகலையின் குரல் இறங்கியது. கிண்டல் செய்ய இன்னும் நிறைய சரக்கு இருந்தும், மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். திரையைப் பார்த்தார். கேட்பவர் இருவர் என்று மாறியிருந்தது.

"வருமா சகல? வராதா?"

"வரணும்னு இருந்தா வரும்."

"அது எனக்கே தெரியும். இப்ப என்ன பண்றது?"

"பார்ப்போம்" என்றார் சகலை. அவரிடமிருந்து நேரான பதிலை வாங்குவது அவருடைய மோட்டாருக்கு உத்தரவாதம் வாங்குவதை விடக் கஷ்டம். ஆனாலும் போனை எடுத்துத் தன் சாம்பல் கம்பெனிக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஜலதோஷம் பிடித்த ஒரு அம்மாள் எடுத்தாள்.

இளையவன் முந்திக்கொண்டான். "மேடம், எங்க பேரு ஒண்ணு ஏலத்துல போயிட்டிருக்கு. அது என்ன பேருன்னா... இல்ல, அதாவது..."

"பேரு எனக்கு வேண்டாம்" என்று அந்த அம்மாள் வெட்டினாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. பதிவு எங்ககிட்ட இருக்கா?"

"இல்லைங்க. முன்னாடி இருந்துச்சு."

"அப்ப நான் அதைத் தொட முடியாது சார். ஏலம் முடியிறதுக்குள்ள பழைய சொந்தக்காரர் பணம் கட்டிட்டா, சில கம்பெனிங்க ஏலத்த நிறுத்துவாங்க. உங்க கம்பெனி நிறுத்துமான்னு எனக்குத் தெரியாது. சாட்டுல மல்லுக்கட்டாதீங்க. கணக்கு மீட்புப் பிரிவுன்னு கேட்டுப் போன்லயே பேசுங்க. போன தடவ பணம் கட்டின கார்டு யாரோடது?"

இளையவன் உள் அறைக் கதவைப் பார்த்தான்.

"ஆள் இருக்காங்க" என்றான்.

"அவங்களப் பேச வைங்க." ஒரு தும்மல். போன் வைக்கப்பட்டது.

சகலை அவனைப் பார்த்தார். அவன் சகலையைப் பார்த்தான்.

"நீங்க போய்ச் சொல்றீங்களா?" என்றான்.

"என் கல்யாணத்துல அவ சின்னப் பொண்ணு. அப்பவே எனக்கு அவகிட்ட பயம். நீங்களே போங்க சகல."

உள் அறையில் விளக்கு வெள்ளையாக எரிந்தது. மனைவி ஒரு முன்பல்லின் மேல் தூரிகையால் பீங்கான் மாவைப் பூசிக்கொண்டிருந்தாள். பல்லின் நுனியில் இருக்கும் அந்தக் கண்ணாடி மாதிரியான விளிம்பைக் கொண்டுவருகிற கட்டம். இந்த நேரத்தில் பேசினால் பிடிக்காது என்று அவனுக்குத் தெரியும். சாயங்காலம் வரை காத்திருக்கவும் முடியாது.

"இங்க பாரு... சர்வர் எல்லாம் இல்ல."

தூரிகை நின்றது.

எல்லாவற்றையும் சொன்னான். குப்பைக்குப் போன மடல்களை, உள்ளே போன சாவியை, தேன் குரலிடம் பெயரை ஒப்பித்ததை. சொல்லச் சொல்லத் தானே கேட்டுக்கொண்டிருந்தான், எந்த இடத்திலும் தன்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்ட வழியே இல்லாத கதை. அவள் பல்லைத் தட்டில் வைத்து மூடினாள். முகமூடியைக் கழற்றினாள். முகமூடி போட்டிருந்தபோதே தேவலாம் என்றிருந்தது.

"அந்தப் பொட்டிங்க எல்லாத்துலயும் இந்தப் பேருதான் இருக்கு" என்றாள்.

"ம்."

"டாக்டருங்க அனுப்புறது எல்லாம்..."

"ம்."

"போனக் குடுங்க."

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். தவளைக் கம்பெனியின் எண்ணைப் போட்டார்கள். 'இந்த அழைப்பு தரக் கண்காணிப்புக்காகப் பதிவு செய்யப்படுகிறது' என்றது. எடுத்த முதல் ஆள் கவலையே படாதீங்க என்றான். கணக்கு மீட்புப் பிரிவு என்றாள் அவள். வேறொருவனிடம் மாற்றிக் கொடுத்தான். இரண்டாவது ஆளும் கவலையே படாதீங்க என்றான், ஏலத்தில் நீங்களும் கலந்துக்கலாமே என்றான். "எங்க பொருள நாங்களே ஏலத்துல எடுக்கணுமா? கணக்கு மீட்புப் பிரிவு" என்றாள் மறுபடியும், அதே குரலில். பாட்டு. பாட்டிலேயே மத்தியானம் கழிந்து வெயில் சாய்ந்தது. சகலை திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். இளையவனுக்கு வெற்றுக் கையைப் பிசைவது ஒன்றுதான் வேலை.

மூன்றாவது ஆளின் குரல் களைத்திருந்தது. கவலைப்படாதீர்கள் என்று அவன் சொல்லவில்லை. அதுவே இவர்களுக்குக் கவலையாக இருந்தது.

"கார்டு உங்களோடதா மேடம்? கடைசி நாலு எண் சொல்லுங்க."

சொன்னாள்.

"சரியா இருக்கு. பதிவு யார் பேர்ல இருக்கு?"

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். பதிவுப் படிவத்தில் 'உரிமையாளர்' என்ற கட்டத்தின் முன்னால் அன்றைக்கு அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். தன் பெயரைப் போட்டால் மாமனார் வீட்டுச் சொத்தில் கை வைத்தான் என்று மூத்த சகலை ஆரம்பித்துவிடுவார். மாமனார் பெயரைப் போட்டால் உழைக்கிற மகளுக்கு மனசு சங்கடப்படும். மனைவி பெயரைப் போட்டால் அவளுடைய அக்கா ஒரு மாதிரி பார்ப்பாள். யோசித்து யோசித்து, ஒருவருக்கும் வருத்தம் இல்லாமல் ஒரு பெயரைப் போட்டிருந்தான்.

"நிர்வாகி" என்று முணுமுணுத்தான்.

"நிர்வாகி பேரச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"பேரே அதான். நிர்வாகி."

போனில் ஒரு செருமல். "மேடம், முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு இருக்கும். முதல் பேரு நிர்வாகி. கடைசிப் பேரு?"

"அதுவும் நிர்வாகிதாங்க" என்றான் இளையவன், சுவரைப் பார்த்தபடி.

"அடப்பாவி" என்றார் சகலை. "பிறந்த நாள் கேட்டா சகல மாட்டிக்குவாரு சார், நிர்வாகி எப்பப் பிறந்தாருன்னு."

மனைவியின் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்பா, அழுகையா என்று தெரிவதற்குள் நேராகிவிட்டது.

"அந்தப் பேர்ல அடையாள அட்டை இருக்க வாய்ப்பில்ல, இல்லையா" என்றது களைத்த குரல். "ஏலத்த எடுத்தவர் வந்து சொந்தம் கேட்டா நான் எதைக் காட்டி மறுக்கிறது மேடம்?"

"சார், நான் பல்லு செய்றேன்" என்றாள் அவள். "இந்தப் பேருக்கு டாக்டருங்க ஜனங்க வாய அனுப்புறாங்க. அது வேற ஆள்கிட்டப் போகக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் தெரியும். கார்டு என்னோடது. போன தடவையும் அதுக்கு முன்னாடியும் கட்டினது நான். பில்லு என் பேர்ல, இந்த வீட்டு விலாசத்துல இருக்கும். பாருங்க."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "லைன்ல இருங்க" என்றான் அவன். ஆனால் பாட்டுப் போடவில்லை. திறந்த லைனில் அந்த அலுவலகத்தின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து வாய்கள் ஒரே நேரத்தில் யார் யாருக்கோ கவலையே படாதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தன.

"மூணு பேர் ஆயிட்டாங்க" என்றார் சகலை திரையைப் பார்த்து. கிண்டல் செய்கிற முகம் எங்கேயோ போயிருந்தது. கடிகாரத்தின் முதல் கட்டம் பூஜ்யத்துக்கு வந்திருந்தது. நிமிடங்கள் மட்டும்தான் மிச்சம்.

இளையவன் மனைவியின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் தோளைத் தொடலாமா என்று கை போனது, வேண்டாம் என்று திரும்பி வந்தது. அவள் விரல் நகங்களில் பீங்கான் மாவு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. இந்த விரல்கள் மைக்கிரோஸ்கோப்புக்கு அடியில் முடியளவு பிசகு வந்தாலும் ஒரு பல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அவளோடு ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு நிர்வாகி நிர்வாகி என்று அடித்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான்.

"மேடம்."

"சொல்லுங்க."

"விலாசம் ஒத்துப்போகுது. என் மேலாளரக் கேட்டேன். ஏலத்த நிறுத்தச் சொல்லிட்டாரு. இப்ப உங்க கார்டுல புதுப்பிச்சுடட்டுமா?"

"பண்ணுங்க."

சகலை திரையைப் புதுப்பித்தார். சுழன்றது. இன்னும் சுழன்றது. ஏலப் பக்கத்தில் சிவப்புக் கடிகாரம் இல்லை. 'இந்தப் பெயர் விலக்கிக்கொள்ளப்பட்டது' என்றிருந்தது. யாரும் கத்தவில்லை. சகலை மட்டும் "ம்ஹும்" என்று மூக்கால் ஒரு சத்தம் போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

"உரிமையாளர் பேர மாத்திக்குங்க மேடம். மெயிலும் வேற ஒண்ணு குடுங்க, இந்தப் பேர்ல இல்லாத மெயிலா. வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேண்டாம் சார். ரொம்ப நன்றி." அவள் எழுந்தாள். போனைக் கணவன் கையில் கொடுத்தாள். "இந்தப் பேர எந்தக் கம்பெனில வைக்கணும்னு நீங்களே விசாரிங்க. இந்தத் தடவ விசாரிச்சிட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

போன் சூடாக இருந்தது. எதிர்முனையில் அந்த ஆள் இன்னும் வைக்கவில்லை. இவர்கள் முதலில் வைக்க வேண்டும் என்பது அங்கே விதியாக இருக்கும்.

"சார்" என்றான் இளையவன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

நம்பகமான கம்பெனி எது என்று கேட்க வாய் வந்தது. அதை எப்படிக் கேட்பது? எந்தக் கடையில் கேட்டாலும் எங்கள் கடை என்றுதானே சொல்வார்கள். காலையிலிருந்து பேசிய தேன் குரல், குட்டித் தவளை எல்லாம் அப்படித்தான் சொன்னார்கள்.

"உங்களுக்குன்னு சொந்தமா ஒரு பேரு வச்சிருக்கீங்களா சார்? வெப்சைட்டு, மெயிலு, அந்த மாதிரி?"

"எனக்கு எதுக்கு சார்?" களைத்த குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் இளகியது. "தங்கச்சி தையல் யூனிட் நடத்துது. அதுக்கு ஒண்ணு எடுத்துக் குடுத்திருக்கேன். நல்லா ஓடுது. ஆர்டர் எல்லாம் அதுலதான் வருது."

"அதை இங்கதான் பதிஞ்சிருக்கீங்களா?"

விசைப்பலகைச் சத்தம் நின்றது. பின்னால் அந்தப் பத்துப் பதினைந்து வாய்கள் மட்டும் கவலையே படாதீங்க, கவலையே படாதீங்க என்று ஓடிக்கொண்டிருந்தன. அழைப்பு பதிவாகிறது என்பது இளையவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மனுஷன் பிழைப்பில் கை வைக்கிற கேள்வியைக் கேட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். விடுங்க சார், சும்மாதான் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான்.

"இங்க இல்ல சார்" என்றான் அந்த ஆள்.